காப்புக் கட்டின குதிரை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருஷம் போய்விட்டது. உட்காருவேன். பிள்ளையார் சுழி போடுவேன். அதற்கு மேல் கை ஓடாது. எழுந்து வாசலுக்குப் போவேன், மாட்டுக்குத் தண்ணி காட்டுவேன், திரும்பி வந்து பார்த்தால் தாளில் சுழி மட்டும் இருக்கும். அஞ்சாங்கிளாசோடு நின்ற படிப்பு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பயம். உள்ளதைச் சொன்னால் அம்மனைக் குறைத்துச் சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். சொல்லாமல் விட்டால், நடக்காததை எல்லாம் நடந்ததாக ஜனங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அதற்கு நானும் தலையாட்டின மாதிரி ஆகிவிடுமோ என்று அதுவும் பயம்.

போன அம்மன் கொடைத் திருவிழாவில் ஒருவர் மைக்கில் பேசினார். நொண்டிக் குதிரை ஒன்று அம்மன் தொட்டதும் நாலுகால் பாய்ச்சலில் ஆற்றைத் தாண்டிற்று என்றார். கை தட்டினார்கள். அந்தக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்; கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆற்றை அது தாண்டவில்லை. தண்ணியில் இறங்கி நின்றது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரி பக்கத்தில் இருந்தாள். அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், இனி இதைத் தள்ளக்கூடாது என்று முடிவு பண்ணினேன்.

எழுபதுகளில் நான் தேவிகுளத்துப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பங்களாக் குதிரைக்காரன். தோட்டத்து மேனேஜரை நாங்கள் துரை என்போம். வெள்ளைக்காரர்கள் போய் நம் ஆட்கள் வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. எங்கள் துரை கோட்டயம் பக்கத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். ஜீப் வந்துவிட்ட காலம். இருந்தாலும் மேல்மலைக்கு ஜீப் ஏறாது. அங்கே போவதற்கு ஒரு பெட்டைக்குதிரை இருந்தது. செவலை நிறம், நெற்றியில் திருநீறு இட்ட மாதிரி வெள்ளை. காலையில் குளித்து நான் திருநீறு பூசிக்கொள்ளும்போது அதன் நெற்றியிலும் ஒரு கோடு இழுப்பேன். ஏற்கெனவே வெள்ளையாக இருக்கிற இடத்தில் எதற்கு வெள்ளை என்று என் வீட்டுக்காரி கேட்பாள். அவள் கொழுந்து எடுக்கிறவள். எதையும் நேராகக் கேட்டுவிடுவாள்.

ஐப்பசி மழையில் துரை மேல்மலையிலிருந்து இறங்கி வரும்போது ஓடைப் பாலத்துக் கல்லில் குதிரை சறுக்கிவிட்டது. விழவில்லை. விழாமல் இருக்க இடது முன்னங்காலை ஊன்றி முறுக்கிக்கொண்டது. துரை இறங்கி, தொப்பலாக நனைந்து, அதை நடத்தியே கூட்டிக்கொண்டு வந்தார். நான் உடனே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சூடாகப் பத்துப் போட்டேன். எங்கள் ஆட்கள் கால் பிசகினால் அதுதான் செய்வோம். விடிந்து பார்த்தால் முட்டிக்குக் கீழே பின்பக்கம் வாழைத்தண்டு மாதிரி வீங்கி இருந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்தார். கீழ்நாட்டு மலையாளி, மெலிந்த ஆள், பேச்சும் மெதுவு. பத்தைக் கழுவச் சொன்னார். ஓடைத் தண்ணியில், அந்த ஐஸ் மாதிரித் தண்ணியில், காலை நனைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, காலின் பின்பக்கம் பாரம் தாங்குகிற நரம்பு இழுத்துக்கொண்டது, நரம்பு ஆற எலும்பைவிட அதிக நாள் பிடிக்கும் என்றார். முதலில் லாயத்தில் சும்மா நிற்கட்டும். அப்புறம் கையில் பிடித்து நடத்து. அப்புறம் வெறும் சேணம் போட்டு நடத்து. அப்புறம் ஏறி நடத்து. சமதரை முதலில், ஏற்றம் பிறகு, இறக்கம் எல்லாவற்றுக்கும் கடைசி. இறங்கும்போது பாரமெல்லாம் முன்னங்காலில்தான் விழும். தினம் காலையில் இரண்டு காலையும் தொட்டுப் பார், இடது கால் கொஞ்சம் சூடாக இருந்தாலும் ஒரு படி பின்னால் போ. சும்மா நிற்கிற நாளில் கொள்ளுத் தீனியைக் குறை, இல்லாவிட்டால் கொழுப்பேறி உன்னையே உதைக்கும். ஒவ்வொன்றும் சொல்லிவிட்டு, "பதுக்கெ. பதுக்கெ மதி. கேட்டோ?" என்றார்.

மெதுவாகப் போதும் என்கிறார். எனக்கும் புரிந்தது. ஆனால் துரை அன்றைக்குச் சாயங்காலமே லாயத்துக்கு வந்து நின்றார். வேலை செய்யாத குதிரைக்குத் தீனிச் செலவு எழுத கம்பெனியில் விட மாட்டார்கள் என்றார். பங்குனிக் கொடை முடிகிற வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் ஆள் ஏறுகிற மாதிரி ஆகவில்லையென்றால் கீழே அனுப்பிவிட வேண்டியதுதான். அவர் முகமும் சரியில்லை. அவருக்கும் ஆசைதான் அந்தக் குதிரை மேல்.

கீழே என்றால் போடி. போடியில் ஜட்கா வண்டி நிற்கிற இடத்தை நான் பார்த்திருக்கிறேன். நரம்பு போன குதிரையை வண்டியில் கட்டி, தார் ரோட்டில் ஓட்டி, நொண்டினால் அதற்கும் அடி. அதுகளின் கண்ணை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு லைன் வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

கார்த்திகை, மார்கழி இரண்டும் எப்படிப் போயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வெளியே பனி. உள்ளே அது தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, அடி மாற்றி அடி மாற்றி, நின்ற இடத்திலேயே எங்கோ போய்க்கொண்டிருக்கும். மரப்பலகையைக் கடித்துத் துருவிவிட்டது. நானும் அப்படித்தான். வேறு வேலைக்கு அனுப்பினாலும் பாதியில் ஓடி வந்து காலைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு இருக்கிறதா? இருக்கிற மாதிரி இருக்கும். கையைத் துடைத்துவிட்டு மறுபடி தொடுவேன். இல்லாத மாதிரி இருக்கும். வீட்டில் உட்கார்ந்தால் டாக்டர் சொன்னதைச் சொல்வேன். இன்னும் என்ன நடை, அடுத்து என்ன நடை, இறக்கம் கடைசி, சமதரை முதலில். சாப்பிடும்போது அதே பேச்சு. ஒருநாள் என் வீட்டுக்காரி குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"போன வருசம் எனக்குக் காச்சல் வந்துச்சே, இப்படி ஒரு நாள் கைய வச்சுப் பாத்தீங்களா?"

"உனக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருந்துச்சு" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை, அடுத்த வாய்ச் சோற்றோடு மறுபடி குதிரைப் பேச்சுதான். அவள் பதில் சொல்லாவிட்டாலும் எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

தை பிறந்ததும் வெளியே எடுத்தேன். அத்தனை நாள் அடைபட்ட குதிரை, வாசலைத் தாண்டினதும் பின்னங்காலில் எழும்பிவிட்டது. தலைக்கயிறு என் கையைப் பொசுக்கிக்கொண்டு போயிற்று. துள்ளினால் ஆறின நரம்பும் அறுந்துபோகும். கயிற்றை இழுத்துச் சண்டை போட்டாலும் இன்னும் துள்ளும். "தாயே, தாயே" என்று சொல்லிக்கொண்டு கூடவே சுற்றினேன். கடைசியில் அது நாலு காலில் நின்றது. அடுத்த நாளிலிருந்து கொள்ளு அறவே நிறுத்தி, வெறும் புல்லும் தவிடும்.

மலையில் சமதரைக்கு எங்கே போவது? பந்து விளையாடுகிற மைதானம் ஒன்று, பேக்டரிக்குப் போகிற ரோடு ஒன்று. மைதானத்தில் சுற்றிச் சுற்றி நடத்தினால் உள்பக்கக் காலுக்கு இழுப்பு அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ரோட்டில் நேராகப் போய் நேராக வருவேன். கொழுந்துக் கூடையோடு வருகிற பொம்பளைகளுக்கு நான்தான் பொழுதுபோக்கு. குதிரை இருக்க நடந்து போகிறாரே, இரண்டு பேரில் யாருக்கு அண்ணே கால் நொண்டி என்பார்கள். ஒருத்தி டாக்டரை மாதிரி "பதுக்கெ, பதுக்கெ மதி" என்று இழுப்பாள். என் வீட்டுக்காரியும் அந்தக் கூட்டத்தில் கூடையோடு வருவாள். அவளும் சேர்ந்து சிரிப்பாள், ஆனால் தாண்டும்போது குதிரையின் இடது காலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

மாசியில் வெறும் சேணம். சேணத்தின் வாரை இறுக்கினதும் அது முதுகைத் தூக்கிக்கொண்டது, மறந்துபோயிருந்தது போல. பிறகு பழகிற்று. மாசிக் கடைசியில் நான் ஏறினேன். நான் பாரமில்லாத ஆள், அந்தக் காலத்தில் எலும்பும் தோலும்தான். முதுகில் உட்கார்ந்ததும் அதன் காது இரண்டும் பின்னால் என்னைப் பார்த்துத் திரும்பின. ரோட்டின் நேர்பாகத்தில் போய் வந்து இறங்கிவிட்டேன். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று அதுவும் இழுத்தது, என் மனசும் இழுத்தது. மறுநாள் காலையில் கால் குளிர்ந்திருந்தது. சிறு ஏற்றங்களை ஆரம்பித்தேன். இதே போக்கில் போனால் ஆடிக்குள் துரையை ஏற்றலாம். ஆனால் துரை கொடுத்த கெடு பங்குனி.

பங்குனி வந்தது. கொடைக்கு நாள் குறித்தார்கள். போடியிலிருந்து குதிரைத் தரகர் ஒருவரும் வந்து, குதிரையைச் சுற்றி வந்து பார்த்து, பல்லைப் பார்த்து, டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். துரை வரச் சொல்லித்தான் வந்திருக்கிறார். கெடுவுக்குள் குதிரை தேறினால் சரி, இல்லையென்றால் கையோடு கூட்டிப்போகத் தயாராக. கொடை முடிகிறவரை காத்திருக்க வேண்டுமா, இப்போதே பேசி முடிக்கலாமே என்று அவர் துரையிடம் கேட்பதை நானே என் காதால் கேட்டேன். துரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் என்னை ஆட்டிவிட்டது.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொடை தொடங்குகிற அன்றைக்கு ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்து மேலே கோயிலுக்குக் கொண்டு வருவோம். கடைசி நாள் அதே கரகத்தைக் கீழே ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கரைப்போம். ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, கரகத்துக்கு முன்னால் பங்களாக் குதிரை போகும். அதன் மேல் அம்மனுடைய வாளைப் பிடித்துக்கொண்டு, ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி உட்கார்ந்து போவார். அது அவர் வீட்டு மரியாதை. அவருடைய அப்பாவும் அப்படித்தான் போனார். கங்காணி அண்ணாச்சி நல்ல மனுஷர், தோட்டத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஆனால் ஆள் கனத்த சரீரம். அவர் உட்கார்ந்தால் பெஞ்சுக்கே மூச்சு வாங்கும் என்று பிள்ளைகள் சொல்லும்.

தரகர் வந்தது தெரிந்ததும் அவர்தான் முதலில் கொதித்தார். வாளைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டில் நடந்து போவதா? பூசாரியைக் கூட்டிக்கொண்டு லாயத்துக்கே வந்துவிட்டார். மஞ்சள் கயிற்றில் வேப்பிலை கோத்துக் குதிரையின் கழுத்தில் காப்புக் கட்டச் சொன்னார். காப்புக் கட்டினவர்கள் கொடை முடிகிறவரை ஊர் எல்லை தாண்டக்கூடாது. மனுஷருக்கு உள்ளது குதிரைக்கும் உண்டு. பூசாரி கட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். போடிக்குப் போகிற பாதை அடைபட்டது, சந்தோஷம். ஆனால் காப்புக் கட்டின பிறகு ஊர்வலத்தில் போகாமலும் இருக்க முடியாது. கயிறு கழுத்தில் விழுந்த நிமிஷத்திலேயே எனக்கு இரண்டும் ஒன்றாக உறைத்தது.

துரையிடம் சொன்னார்கள். மறுத்தால் அடுத்த நாள் ஒருத்தர் கொழுந்துக்குப் போகமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் என்னைக் கூப்பிட்டு வெளிப்படையாகச் சொன்னார். நல்லதாகப் போயிற்று, இதுவே பரிட்சையாக இருக்கட்டும். கங்காணியைச் சுமந்துகொண்டு ஏறி வந்து, சுமந்துகொண்டே இறங்கி, நொண்டாமல் லாயத்துக்குத் திரும்பினால் குதிரை இங்கேயே இருக்கும். நொண்டினால் ஆற்றங்கரையிலேயே தரகர் கையில் கயிற்றைக் கொடுத்துவிடு.

டாக்டர் கடைசி என்று சொன்னது எதுவோ அதையே முதலில் வைத்துவிட்டார்.

ஏறுகிற நாள் நல்லபடியாகத்தான் போயிற்று. மேளச் சத்தத்துக்குக் குதிரை நிலைகொள்ளவில்லை, பக்கவாட்டில் அடி வைத்து ஆடிக்கொண்டே வந்தது. நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தேன். மேலே அண்ணாச்சி வாளோடு ராஜா மாதிரி. கோயில் வாசலில் இறங்கினார். நொண்டல் இல்லை. எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தேன். சூடு. மனசு சொல்கிற சூடு இல்லை, கை அறிகிற சூடு. ஓடைக்குக் கொண்டுபோய் நிற்க வைத்தேன். நானும் தண்ணியில் நின்றேன். காப்பு என் கையிலும் இருந்தது. விரதத்தில் இருக்கிறவன் வாயில் அம்மன் பேர்தான் வரவேண்டும். எனக்கோ ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. தாயே, உன் வாளைச் சுமக்கிறதுக்கு நான் குறுக்கே நிற்கலாமா? நிற்காவிட்டால் இந்த வாயில்லாப் பிராணிக்கு யார் நிற்பது?

நடுவில் உள்ள நாட்களில் தண்ணியில் நிறுத்தி நிறுத்திச் சூடு தணிந்தது. ஆனால் இறக்கம் தாங்காது என்று எனக்கு நிச்சயம். அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். இறங்கும்போது மட்டும் நடந்து வரலாமா, வாளைச் சேணத்தின் மேல் பட்டுத்துணியில் வைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தம்பி, ஒனக்கு அந்தக் குதிரை எப்பிடியோ, எனக்கு அந்த எடம் அப்பிடி. எங்கய்யா உக்காந்த எடம். இந்த வருசம் நான் நடந்தா, அடுத்த வருசம் கங்காணிக்கு எதுக்குக் குதிரைன்னு கேப்பான். அதுக்கு அடுத்த வருசம் கங்காணி எதுக்குன்னு கேப்பான்."

பூசாரியிடம் போனேன், அது உங்கள் இரண்டு பேருக்குள் என்று கையை விரித்தார். வீட்டுக்கு வந்து இதை எல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை. "அம்மனுக்குத் தெரியாதா" என்று மட்டும் சொன்னாள்.

அவள் மேல் அம்மன் வருவது ஊருக்குத் தெரிந்த விஷயம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வரும். வருஷத்துக்கு ஒரு தடவை, கொடையில்தான். மற்ற நாளில் நினைத்தாலும் வராது. வரும்போது நான் எதிரில் நிற்கமாட்டேன். அன்றைக்கு அவள் என் மனைவி இல்லை, கும்பிட வேண்டியவள்.

கடைசி நாள் பகல். கரகம் புறப்படத் தயாராக இருந்தது. துரை கீழ்வளைவில் ஜீப்பை நிறுத்திவிட்டு வெளியே நின்றார். தரகர் அவருக்குப் பின்னால் நின்றார். இரண்டு பேர் தூக்கிவிட, அண்ணாச்சி குதிரை மேல் ஏறினார். அது ஒரு தடவை முனகிற்று. முன்னால் ரோடு கோயிலடியிலிருந்து செங்குத்தாக ஆற்றுக்கு இறங்குகிறது, சரளைக் கல். கயிற்றைக் குட்டையாகப் பிடித்தேன். மேளம் மாறிற்று.

பொம்பளைகள் பக்கமிருந்து குலவைச் சத்தம் வந்தது. கூட்டம் விலகிற்று. தலை அவிழ்ந்து, கையில் வேப்பிலையோடு அவள் வந்தாள். நேராகக் குதிரைக்கு முன்னால் வந்து நின்றாள். மேளத்துக்கு அதுவரை ஆடிக்கொண்டிருந்த குதிரை அப்படியே நின்றது. பயத்திலா, என்னத்திலா, எனக்குத் தெரியாது. நின்றதைத்தான் பார்த்தேன். அவள் வேப்பிலையால் அதன் இடது முன்னங்காலை மேலிருந்து கீழே தடவினாள். பிறகு நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தாள்.

"ஏறி வரையில ஒன்னச் சொமந்தேன்டா. எறங்கையில நான் நடக்கப் போறேன். நான் நடக்கையில எனக்கு முன்னால ஒசரத்துல உக்கார்றது எவன்டா?"

அண்ணாச்சி அப்படியே இறங்கினார். ஏற்றிவிட்ட இரண்டு பேரும் ஓடி வந்தும் அவர்கள் கைக்குக் காத்திராமல் சறுக்கி இறங்கி, அவள் காலில் விழுந்தார். "தாயே, தெரியாமப் போச்சு" என்றார். அவள் அவர் நெற்றியில் திருநீறு அப்பி, கீழே விழுந்திருந்த வாளை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். முன்னால் போ என்று கையைக் காட்டினாள். அவருடைய இடம் போகவில்லை. உயரம்தான் குறைந்தது.

இறங்கினோம். வெறும் சேணத்தோடு குதிரை, ஒரு பக்கம் நான், மறுபக்கம் வாளோடு அண்ணாச்சி. அவருக்கும் முழங்கால் வலி உண்டு. சரளையில் இறங்க முடியாமல் ஒரு கையால் குதிரையின் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டார். "இது என்னப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுது பாருப்பா" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். நான் அதன் அடிகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். பதுக்கெ, பதுக்கெ என்று என் வாயில் வந்துகொண்டிருந்தது, அம்மன் பேருக்கு நடுநடுவே. ஆற்றங்கரையில் கரகம் கரைத்தார்கள். குதிரை தண்ணியில் இறங்கி, முட்டி வரைக்கும் நனைய, நின்று குடித்தது. பாயவும் இல்லை, தாண்டவும் இல்லை. பூசாரி அதன் கழுத்துக் காப்பை அறுத்து ஆற்றில் விட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காப்பு அறுந்துவிட்டது. இனி எல்லை இல்லை. தரகர் கரையில் நிற்கிறார். துரை சொன்னபடி குதிரை ஆளைச் சுமந்து இறங்கவும் இல்லை.

துரை கரைக்கு இறங்கி வந்தார். கங்காணி ஏன் இறங்கினார் என்று கேட்டார். நடந்ததை அண்ணாச்சியே சொன்னார். துரை குனிந்து, தண்ணிக்குள் கையை விட்டு அந்தக் காலைத் தொட்டார். தண்ணிக்குள் இருக்கிற காலில் சூடு எங்கே தெரியும்? அவருக்கும் தெரியும் அது.

"அப்போ இறக்கத்துல யாரும் ஏறக்கூடாதுன்னு உத்தரவு" என்றார். "சரி. நானும் ஏறலை. மழை முடியட்டும், பார்க்கலாம். இன்னிக்கு இதை அனுப்பினா நாளைக்கு ஊரே பங்களா வாசல்ல உட்கார்ந்துரும்."

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டார். குதிரை வாங்க வந்தவன் சாமி கும்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லி, தீர்த்தம் வாங்கிக் குடித்துவிட்டு, போடி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நடந்துவிட்டார். அவரும் கெட்டவர் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததை யாரும் மைக்கில் சொல்வதில்லை. மறுநாள் காலையில் கால் லேசாகச் சூடாக இருந்தது. மறுபடி கையில் பிடித்து நடத்துவதிலிருந்து ஆரம்பித்தேன். சித்திரையில் மறுபடி ஏறினேன். வைகாசியில் ஒரு நாள், பேக்டரி ரோட்டின் நேர்பாகத்தில், நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே ஒரு துள்ளு நடை போக விட்டேன். கொஞ்ச தூரம்தான். குளம்புச் சத்தம் ஒரே சீராக விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு எத்தனை மாசம் காத்திருந்தேன். உடனே மழை பிடித்துக்கொண்டது. அது மறுபடி லாயத்துக்குள் தலையை ஆட்டிக்கொண்டு, நான் வாசலில் நின்றுகொண்டு. மழை விட்ட பிறகு ஏற்றம், அதற்குப் பிறகு சின்ன இறக்கம், பெரிய இறக்கம். அடுத்த கார்த்திகையில்தான் துரை அதன் மேல் மேல்மலைக்குப் போனார். திரும்பி வரும்போது அந்த ஓடைப் பாலத்தில் நான் நின்றேன். இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தேன். வளைவில் வந்ததும் துரை என்னைப் பார்த்தார். குதிரை கல்லைக் குனிந்து மோந்து பார்த்தது. பிறகு ஒவ்வொரு காலாக வைத்துத் தாண்டி வந்தது.

அதற்குப் பிறகு அது இருந்த வருஷமெல்லாம் கொடைக்கு வந்தது. ஏறும்போது அண்ணாச்சி மேலே, இறங்கும்போது எல்லாரும் கீழே. அவருடைய இடத்தை யாரும் கேட்கவில்லை.

இப்போது என் வீட்டுக்காரி விஷயம். கொடை முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் அவள் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும் அவளுக்கு. "அம்மன் என்ன சொல்லுச்சு?" என்று என்னிடம் கேட்டாள். அருள் வந்தவர்களுக்கு அந்த நேரம் நினைவில் இருக்காது, வருஷாவருஷம் அவள் கேட்பதுதான். நான் சொன்னேன். "நல்லதுதான்" என்றாள். அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

சமதரை முதலில், இறக்கம் கடைசி என்று ஒவ்வொரு நாளும் அவள் எதிரில் உட்கார்ந்து புலம்பினவன் நான். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள், புருஷன் சொல்லிக்கொடுத்ததைப் பெண்டாட்டி சொன்னாள் என்பார்கள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மன் யார் வாயால் பேசினாலும் அந்த வாய்க்குத் தெரிந்த வார்த்தையில்தானே பேச முடியும்? எனக்கு அப்படித்தான் படுகிறது. அதற்கு மேல் நான் ஆராயவில்லை, அவளிடம் கேட்டதும் இல்லை. என் நம்பிக்கை அன்றைக்கு எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது.

எழுதப் போகிறேன் என்று சொன்னபோது அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"நான் சொன்னேன்னும் எழுதாதீங்க. நான் சொல்லலைன்னும் எழுதாதீங்க. என்ன நடந்துச்சோ அத மட்டும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்வீர்கள், சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போது குதிரையை ஆற்றைத் தாண்ட வைக்காதீர்கள். அது அன்றைக்கு ஆறவில்லை, ஆற ஒரு வருஷத்துக்கு மேலே ஆயிற்று. ஓடைத் தண்ணியையும் தவிட்டையும் டாக்டரையும் விட்டுவிடாதீர்கள். அண்ணாச்சியைக் கெட்டவராக்காதீர்கள். அம்மனையும் விட்டுவிடாதீர்கள், அந்த ஒரு நாள் அவள் குறுக்கே வராமல் இருந்தால் மற்ற நாள் பட்ட பாடெல்லாம் போடி ரோட்டில் போயிருக்கும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என் கையில் இருந்த கயிற்றை இப்போது உங்கள் கையில் கொடுக்கிறேன். மெதுவாகப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.